அமெச்சூர் என்னும் சொல்

லக்ராஸ் ஆட்டத்தை நம் கல்லூரித் திடலில் எவரும் கண்டதில்லை. முனையில் வலைப்பை கட்டிய நீண்ட கழியால் பந்தை ஏந்தி ஓடி, எறிந்து, எதிரணியின் இலக்குக்குள் செலுத்துவதே ஆட்டம். வட அமெரிக்காவின் இரோக்வா மக்கள் இதைப் படைத்தவன் தந்த ஆட்டம் என்பர். நோயுற்றவர் நலம் பெறவும் ஆடுவர்.

1867இல் மான்ட்ரியால் பல் மருத்துவர் ஜார்ஜ் பியர்ஸ் இதற்கு விதிகள் வகுத்தார். 1876இல் விக்டோரியா மகாராணி முன்னிலையில் ஆடிக் காட்ட அவர் பூர்வகுடி வீரர்களை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். ஆனால் 1880இல் கனடாவின் லக்ராஸ் சங்கம் பூர்வகுடியினரையே விலக்கியது. அவர்கள் பணம் பெற்று ஆடும் தொழில்முறையாளராம்! கையில் காசில்லாதவன் வழிச்செலவுக்கு என்ன செய்வான்? 'அமெச்சூர்' என்பதை அதுவரை நான் நற்சொல்லாகவே எண்ணியிருந்தேன்.

1983இல் இரோக்வா மக்கள் தம் தேசிய அணியை அமைத்தனர். 1990இல் பெர்த் உலகப் போட்டிக்குத் தம் சொந்தக் கடவுச்சீட்டுடனேயே சென்றனர். 2010இல் பிரிட்டன் அதை ஏற்க மறுத்தது. "அமெரிக்கக் கடவுச்சீட்டில் போயிருக்கலாமே?" என்றான் என் அறைத்தோழன். போயிருக்கலாம்தான். அவர்கள் போகவில்லை, மான்செஸ்டர் போட்டியையே இழந்தனர். அடுத்த போட்டியில், 2014இல் டென்வரில், ஆஸ்திரேலியாவை வென்று வெண்கலம் பெற்றனர்.

2017இல் ஜார்ஜியா ஸ்வார்ம் என்னும் தொழில்முறை அணி கோப்பையை வென்றது. அதில் ஆடிய தாம்சன் சகோதரர் மூவரும் இரோக்வா மக்களே.