பி.எச்.பி. நிரல்மொழியின் தளர் தரவினமும் சங்கப் பாடல் தரவும்

முன்னுரை

சொல்லடைவு, தொடரடைவு, யாப்புக் கணக்கீடு ஆகியன இன்று கணினிவழி உருவாக்கப்படுகின்றன. அவற்றை இணையத்தில் தருதற்குப் பயன்படும் மொழிகளுள் ஒன்று, ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995இல் வெளியிட்ட பி.எச்.பி. ஆகும். இம்மொழியில் மாறியின் தரவினத்தை முன்னரே அறிவிக்க வேண்டுவதில்லை. சூழலுக்கேற்பச் சரம் எண்ணாகவும் எண் சரமாகவும் தாமே மாறும். இது தளர் தரவினம் எனப்படும். இவ்வியல்பு எளிமை பயப்பது; ஆயின் பல இடங்களில் பிழையை உணர்த்தாமலே விடை தருவது. அவ்விடை ஆய்வு முடிவாகும்போது நேரும் பிறழ்ச்சியையும் அதனைத் தவிர்க்கும் நெறியையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

சரத்தின் நீளமும் எழுத்தெண்ணிக்கையும்

பி.எச்.பி.யில் சரம் என்பது பைட்டுகளின் தொடரே. யு.டி.எப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ் ஒருங்குறிக் குறியும் மூன்று பைட்டு கொள்ளும். 'அம்மா' என்னும் சொல்லின் நீளத்தை 'ஸ்ட்ர்லென்' என்னும் செயற்கூறு 15 எனத் தரும். அது பைட்டுக் கணக்கு. 'எம்பி-ஸ்ட்ர்லென்' 5 எனத் தரும். புள்ளியும் துணைக்காலும் அங்குத் தனித்தனியே எண்ணப்பெறுகின்றன. 'கிராஃபீம்-ஸ்ட்ர்லென்' தரும் 3 என்பதே தமிழ் மரபின் எழுத்தெண்ணிக்கை. கட்டளைக் கலித்துறைக்கோ ஒற்று நீக்கி, நேரசையில் தொடங்கும் அடிக்கு 16, நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17 எழுத்து என எண்ணுதல் வேண்டும். அம்முறையில் 'அம்மா' 2 எழுத்தே. ஒரு சொல்லுக்கு நான்கு விடைகள். எது வேண்டும் என்பதை யாப்பறிந்தவரே முடிவுசெய்ய இயலும்.

எண்ணும் எண்போன்ற சரமும்

பழம்பதிப்புகளில் பாடலெண் தமிழ் எண்களில் அமைவதுண்டு. '௪௦௧' என்னும் சரத்தை முழுஎண்ணாக மாற்றினால் 0 கிட்டும், பி.எச்.பி. 0 முதல் 9 வரையிலான குறிகளையே எண்ணாக ஏற்கும். பாடவேறுபாட்டைக் குறிக்கும் '12அ' என்பது அவ்வாறே மாற்றப்படின் 12 ஆகி, மூலப்பாடலோடு கலந்துவிடும். 12 என்னும் எண்ணையும் '12அ' என்னும் சரத்தையும் இரட்டைச் சமக்குறியால் ஒப்பிடின், ஏழாம் பதிப்புவரை சமம் எனவும், 2020இல் வெளிவந்த எட்டாம் பதிப்பு முதல் சமமன்று எனவும் விடை வரும். ஒரே நிரல், ஒரே தரவு, இருவேறு முடிவு. எனினும் '010', '10' ஆகிய இரு சரங்களும் இன்றும் சமமென்றே கொள்ளப்படுகின்றன.

சுழியமும் இன்மையும்

குறுந்தொகையில் 401 பாடல்கட்கு முன் கடவுள் வாழ்த்து அமைந்துள்ளது. தரவுத்தொகுப்பில் அதற்கு '0' என எண்ணிட்டு, 'பாடலெண் உளதாயின் காட்டுக' என நிபந்தனை எழுதினால், கடவுள் வாழ்த்து மறைந்துபோகும்; '0' என்னும் சரத்தை இம்மொழி பொய் எனக் கொள்வதே காரணம்.

புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைத்தில. அவற்றின் அடியளவை 'நல்' என்னும் இன்மைக் குறியால் குறித்தாலும், இரட்டைச் சமக்குறி அதனைச் சுழியத்தோடு சமமாக்கும்; கூட்டும்போதும் அது சுழியமாகவே கொள்ளப்படும். கூட்டுத்தொகையை 400ஆல் வகுத்தால் சராசரி அடியளவு குறைந்து வரும். அடியே இல்லாத பாடல் வேறு. அடி கிடைக்காத பாடல் வேறு. இவ்வேறுபாடு பதிப்பியலின் அடிப்படையாகும்.

கடைப்பிடிக்கத்தக்க நெறிகள்

ஒப்பீட்டிற்கு, இனத்தையும் மதிப்பையும் ஒருங்கே நோக்கும் மூன்று சமக்குறியைக் கையாளுதல் வேண்டும். பாடலெண்ணைச் சரமாகவே சேமித்தல் நன்று. ஆயினும் அணியின் திறவுகோலாக அமையும்போது '12' எண்ணாக மாறும், '012' மாறாது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். தமிழ் எண்களை முதலில் பெயர்த்து, பின்னரே கணக்கிடல் வேண்டும். கிடைக்காத பாடல்களைக் கூட்டலினின்றும் வகுக்கும் எண்ணினின்றும் நீக்குதல் வேண்டும். கடுந்தரவின அறிவிப்பு செயற்கூறுகட்கு அனுப்பும் மதிப்புகளையும் அவை திருப்பித் தருவனவற்றையும் காக்கும். இரட்டைச் சமக்குறியின் தளர்ச்சியை அது நீக்காது.

முடிவுரை

மேற்கூறிய பிழைகள் பலவும் எச்சரிக்கையின்றி நிகழ்வன. ஆதலின் கணினி தந்த எண்ணிக்கையைச் சான்றாகக் காட்டும் ஆய்வாளர், எம்மொழியில், எப்பதிப்பில், எதனை எழுத்தென எண்ணினார் என்பதை ஆய்வேட்டில் குறிப்பிடுதல் வேண்டும். மூலபாடத்திற்குப் பதிப்பைச் சுட்டும் கடப்பாடு கணக்கீட்டிற்கும் உரியதாகும்.