கிருமி போனாலும் இரைப்பையைக் கவனியுங்கள்

திண்டுக்கல்லில் நெஞ்செரிச்சல், உப்புசம், வயிற்றுவலி எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: அல்சர். பல வருஷம் கேஸ் மாத்திரையில் ஓட்டிவிட்டு, கடைசியில் எண்டோஸ்கோப்பி செய்யும்போதுதான் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இருப்பது பலருக்குத் தெரிகிறது. 1994-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை இதைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது. கிருமி உள்ள பெரும்பாலானோருக்கு இரைப்பைப் புற்றுநோய் வருவதில்லை. சிகிச்சை எடுத்தால் ஆபத்து இன்னும் குறையும். ஆனால் உடனே குறையாது. நார்டிக் நாடுகள் ஐந்தில் சிகிச்சை பெற்ற ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கவனித்ததில், அவர்களுடைய ஆபத்து மற்றவர்கள் அளவுக்கு இறங்க 11 ஆண்டுகள் ஆயின.

செய்ய வேண்டியவை

• டாக்டர் 14 நாள் எழுதினால் 14 நாளும் மாத்திரை போடுங்கள். சில நாளிலேயே எரிச்சல் அடங்கும், வாய் கசக்கும், பிஸ்மத் என்ற மருந்து சேர்ந்திருந்தால் மலம் கறுத்துப்போகும். எரிச்சல் அடங்கிவிட்டதென்றோ மற்றவற்றுக்குப் பயந்தோ பாதியில் நிறுத்தினால், மிஞ்சிய கிருமி அடுத்த முறை அந்த மருந்துக்கு மசியாமல் போகலாம்.

• கிருமி போய்விட்டதா என்று கட்டாயம் பாருங்கள். பெரும்பாலானோர் கோட்டைவிடுவது இங்கேதான். ஆன்டிபயாடிக் முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து, யூரியா மூச்சுப் பரிசோதனை அல்லது மலப் பரிசோதனை செய்ய வேண்டும். அதற்கு 2 வாரம் முன்பே, டாக்டரைக் கேட்டு, பான்டோபிரசோல், ஒமிபிரசோல் வகை கேஸ் மாத்திரைகளை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்றே ரிசல்ட் வரலாம்.

• எண்டோஸ்கோப்பியில் எடுத்த பயாப்ஸியின் ரிப்போர்ட்டைப் பத்திரப்படுத்துங்கள். அதில் 'அட்ரோபி', 'இன்டெஸ்டினல் மெட்டாபிளாசியா' என்று இருந்தால், இரைப்பையின் உள்தோல் ஏற்கெனவே மெலிந்தோ மாறியோ இருக்கிறது என்று அர்த்தம். மாற்றம் பரவலாக இருந்தால் 3 ஆண்டுக்கு ஒருமுறை எண்டோஸ்கோப்பி தேவைப்படும்.

• அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களில் யாருக்காவது இரைப்பைப் புற்றுநோய் வந்திருந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

செய்யக்கூடாதவை

• ரத்தத்தில் ஆன்டிபாடி பார்த்து முடிவு கட்டாதீர்கள். கிருமி செத்த பிறகும் அது நெடுநாள் பாசிட்டிவ் காட்டும்.

• பீடி, சிகரெட், சுருட்டு வேண்டவே வேண்டாம். இது புகையிலை விளையும் மண். வேடசந்தூரில் புகையிலைக்கென்று ஆராய்ச்சி நிலையமே தொடங்கப்பட்டது. அதனால்தான் இங்கே அந்தப் பழக்கம் யார் கண்ணையும் உறுத்துவதில்லை. புகை இரைப்பைப் புற்றுநோய்க்கும் காரணம் என்பது ஐயமின்றி நிரூபணமானது. கிருமியை ஒழித்துவிட்டுப் புகையைத் தொடர்வது பெரிய அநியாயம்.

• கருவாடு, உப்புக்கண்டம், ஊறுகாயை அன்றாடச் சாப்பாடாக்காதீர்கள். அளவு மீறிய உப்பு இரைப்பையின் உள்தோலைப் புண்ணாக்கும். பழியெல்லாம் பிரியாணி மேல் போட்டுவிட்டு, தினம் தட்டில் விழும் உப்பைக் கவனிக்காமல் இருக்கிறோம்.

• மெடிக்கல் கடையில் நீங்களாகவே கேஸ் மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் போடாதீர்கள். அது அறிகுறியை அமுக்கி வைத்துவிடும்.

• காரணமில்லாமல் எடை குறைவது, நாலு வாயிலேயே வயிறு நிறைவது, விழுங்கச் சிரமம், அடிக்கடி வாந்தி, ரத்தசோகை, பிஸ்மத்தோ இரும்புச்சத்து மாத்திரையோ போடாமலே மலம் தார்போல் போவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நாள் கடத்தாதீர்கள். திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். அங்கிருந்து மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கு அனுப்பினால், அலைச்சல் என்று தட்டிக்கழிக்காமல் அந்த வாரமே போய்விடுங்கள்.