பற்றீரியாவின் இரும்பு வேட்டை

அல்குர்ஆனின் 57ஆவது அத்தியாயம் அல்ஹதீத். அதன் பொருள் இரும்பு. நமது குருதிக்குத் தேவையான அதே இரும்பு கண்ணுக்குத் தெரியாத பற்றீரியாவுக்கும் தேவை. அதை அது எப்படிப் பெறுகிறது என்று உயர்தர உயிரியலுக்காகத் தேடிப் படித்தேன். அந்தத் தேடல் என்னை நோயுற்ற பிள்ளைகளின் மருந்து வரை கொண்டு சென்றது.

கடற்காற்றுப் படும் கல்முனைக்குடியில் இரும்புக் கேற்றுகள் சீக்கிரம் துருப்பிடிப்பதை நாம் அறிவோம். துரு நீரில் கரையாது. மண்ணிலுள்ள இரும்பில் பெரும்பகுதியும் இவ்வாறு கரையாத நிலையிலேயே கிடக்கிறது. நமது உடலிலோ, குருதியிலுள்ள இரும்பை டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் இறுகப் பிடித்து வைத்திருக்கிறது. கண்ணீரிலும் தாய்ப்பாலிலும் லக்டோஃபெரின் அந்த வேலையைச் செய்கிறது. இரும்பு இருந்தும் பற்றீரியாவுக்கு எளிதில் எட்டுவதில்லை.

எனவே பல பற்றீரியாக்கள் சிடரோபோர் எனும் சிறு மூலக்கூறுகளைத் தயாரித்து வெளியே விடுகின்றன. ‘இரும்பு சுமப்பது’ என்பதே அச்சொல்லின் பொருள். நமது குடலில் வாழும் ஈ.கோலையின் சிடரோபோர் என்டரோபக்டின். அதன் பிடி டிரான்ஸ்ஃபெரினின் பிடியை விட மிக வலியது.

ஈ.கோலைக்கு வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என இரு மென்சவ்வுகள் உண்டு. இரும்பைச் சுமந்த என்டரோபக்டின் வெளிமென்சவ்வின் சாதாரண துளைகளுக்குள் நுழையாது. ஃபெப்-ஏ என்ற வாங்கிப் புரதமே அதற்குரிய கதவு. ஆனால் கதவைத் திறக்கும் சக்தி வெளிமென்சவ்வில் இல்லை. உள்மென்சவ்வின் இரு பக்கமும் புரோத்தன்களின் அளவு வேறுபடுவதால் அங்குதான் சக்தி உண்டு. அங்கே பதிந்திருக்கும் டொன்-பி என்ற புரதம் இடைவெளியைக் கடந்து நீண்டு, அந்தச் சக்தியால் கதவைத் திறக்கிறது. என்னை அதிகம் வியக்க வைத்தது இதுதான். உள்ளே வந்த சுமையை இன்னொரு புரதம் ஏந்தி உள்மென்சவ்வில் ஒப்படைக்கும். அங்குள்ள கடத்திப் புரதம் ஏ.ரி.பி.யைச் செலவிட்டு அதைக் கலத்தினுள் எடுக்கும். பின்னர் ஒரு நொதியம் என்டரோபக்டினை வெட்ட, இரும்பு விடுபடும்.

இனிச் சொல்வதைப் பெற்றோரும் கவனிக்க வேண்டும். கடுமையான தலசீமியா உள்ள பிள்ளைகளுக்குத் தொடர்ந்து குருதி ஏற்ற வேண்டும். நமது நாட்டில் குருணாகல் போதனா வைத்தியசாலையில் இந்நோய்க்கெனத் தனி நிலையமே உண்டு. ஒரு பைக் குருதியில் 200 மில்லிகிராம் அளவில் இரும்பு இருக்கிறது. மேலதிக இரும்பை வெளியேற்ற உடலுக்கு வழியில்லை. அது இதயத்திலும் ஈரலிலும் தேங்கும். அதை அகற்ற 1960களில் வந்த மருந்து டெஸ்ஃபெரொக்சமின். ஸ்ட்ரெப்டோமைசிஸ் பைலோசஸ் என்ற மண் பற்றீரியாவின் சிடரோபோர்தான் அது! சிறு பம்பியின் மூலம் 8 முதல் 12 மணித்தியாலங்கள் தோலின் கீழ் மெதுவாகச் செலுத்துவார்கள். இப்போது வாயால் உட்கொள்ளும் வேறு மருந்துகளும் உள்ளன.

ஆனால் யெர்சினியா என்ற பற்றீரியா, தான் தயாரிக்காத இந்தச் சிடரோபோரையும் இரும்போடு உள்ளே எடுத்துப் பெருகும். ஆகவே டெஸ்ஃபெரொக்சமின் பெறும் பிள்ளைக்குக் காய்ச்சலோ வயிற்றுவலியோ வந்தால் வீட்டில் பனடோல் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். அவ்வேளையில் வைத்தியர் அம்மருந்தை நிறுத்தி வைப்பதும் இதனால்தான்.

தலசீமியாக் காவிகள் பெரும்பாலும் நம்மைப் போல் சுகதேகியாகவே இருப்பார்கள். தாயும் தந்தையும் காவிகளாக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு இந்நோய் வரும் வாய்ப்பு 4இல் 1. யார் காவி என்பதைக் குருதிப் பரிசோதனையால் அறியலாம். கல்யாணம் பேசும்போது வீடு, வளவு எல்லாம் பேசுகிறோம். நிக்காஹ்வுக்கு முன் இந்தப் பரிசோதனையையும் பேசுவோம். நோயுற்ற பிள்ளைகளுக்கு அல்லாஹ் ஷிபாவை வழங்குவானாக.