ஹாம் ரேடியோவுக்கு எந்தச் செயலி? வேலை வாரியாக ஒரு தேர்வு

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகளில் கையில் செல்போன் இருந்தும் பேச வழியில்லாமல் போனது. அமெச்சூர் வானொலி என்கிற ஹாம் ரேடியோ, இப்படிப்பட்ட நேரத்துக்கும் சேர்த்துத்தான் இருக்கிறது. ஆகவே ஒரு ஹாம் தன் போனில் செயலி ஏற்றும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: டேட்டாவை அணைத்துவிட்டால் இதனால் ஏதாவது பயன் உண்டா?

இன்னும் இரண்டு கேள்விகள் உண்டு. இது ரேடியோவுக்குத் துணை நிற்கிறதா, ரேடியோவின் இடத்தையே பிடித்துக்கொள்கிறதா? இதில் நான் சேர்த்துவைக்கும் தகவலை வேண்டும்போது வெளியே எடுக்க முடியுமா? இந்த மூன்று கேள்விகளோடு ஒவ்வொரு வேலையாகப் பார்ப்போம்.

மோர்ஸ் பழக

இந்தியாவில் ஹாம் உரிமத்துக்கு இரண்டு நிலைகள். ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் வேண்டியதில்லை. ஜெனரல் கிரேடுக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் அனுப்பவும் வாங்கவும் தெரிய வேண்டும்.

மோர்ஸ் செயலிகளில் ஒரு வகை கண்ணுக்குக் கற்றுக்கொடுக்கிறது. புள்ளியும் கோடும் படமாக வரும், பார்த்து மனப்பாடம் செய்ய வேண்டும். இன்னொரு வகை காதுக்குக் கற்றுக்கொடுக்கிறது. முதல் வகையைத் தயங்காமல் ஒதுக்கிவிடலாம். படமாகப் படித்தவர் ஒலியைக் கேட்டதும் மனதுக்குள் புள்ளி எண்ணத் தொடங்குவார். அவர் எண்ணி முடிப்பதற்குள் அடுத்த எழுத்து வந்துவிடும்.

காது வழியில் பெயர் பெற்றது ஜெர்மன் உளவியலாளர் லுட்விக் கோக் 1930-களில் வகுத்த முறை. முதலில் இரண்டே எழுத்துகள், பெரும்பாலும் கே, எம். அவற்றை முழு வேகத்திலேயே கேட்க வேண்டும். 90 சதவீதம் சரியாக வந்தபிறகுதான் மூன்றாவது எழுத்து. ஆண்ட்ராய்டில் ‘ஐஇசட்2யுயுஎஃப் மோர்ஸ் கோக்’ என்ற இலவசச் செயலி இந்த முறையை அப்படியே பின்பற்றுகிறது. ‘மோர்ஸ் மேனியா’ ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் கிடைக்கும். விளையாட்டுப் போல அமைந்திருப்பதால் சலிப்பில்லாமல் நகரும். தேர்வுக்குத் தயாராகிறவருக்கு முதலாவதே பொருத்தம். அதில் எழுத்தின் வேகத்தை 18 என்று வைத்து, எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியை நீட்டி, மொத்த வேகத்தை 8-க்குக் கொண்டுவாருங்கள். எழுத்தையே இழுத்து மெதுவாக்கிக் கேட்டால் பின்னர் வேகம் கூட்டும்போது எல்லாவற்றையும் மறுபடி பழக வேண்டியிருக்கும்.

விண்வெளியிலிருந்து வருவதைப் பிடிக்க

சர்வதேச விண்வெளி நிலையத்தின் சிக்னலைக் கேட்பது புதியவர்களைச் சட்டென்று ஈர்க்கும் அனுபவம். அதற்கு நிலையம் எப்போது, எந்தத் திசையில் எழும்பும் என்று தெரிய வேண்டும். ‘ஹெவன்ஸ்-அபவ்’ செயலி கண்ணால் பார்ப்பவர்களிடையே பெயர் பெற்றது. ‘ஐஎஸ்எஸ் டிடெக்டர்’ செயலியும் அப்படியே. அதில் அமெச்சூர் செயற்கைக்கோள்கள் வேண்டுமென்றால் கூடுதலாகக் காசு கட்ட வேண்டும். ‘லுக்4சாட்’ ஆண்ட்ராய்டுக்கான இலவச, திறந்த மூலச் செயலி. ரேடியோக்காரர்களை மனதில் வைத்தே எழுதப்பட்டது.

வித்தியாசம் எங்கே இருக்கிறது? விண்வெளி நிலையம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் நமக்கு இருட்டாகவும் அதன்மேல் வெயில் படும்படியும் இருக்க வேண்டும். அதனால் மாலையிலும் விடியற்காலையிலும் மட்டுமே காட்சி. ரேடியோவுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. நட்டநடுப் பகலில் தலைக்கு மேல் போனாலும் கேட்கும். கண்ணுக்குத் தெரியும் நேரங்களை மட்டும் பட்டியலிடும் செயலியை நம்பினால் கேட்கக்கூடிய வாய்ப்புகளில் பெரும்பங்கு கைநழுவும். எந்தச் செயலியானாலும் எல்லாக் கடப்புகளையும் காட்டும்படி அமைப்பை முதலில் மாற்றுங்கள்.

லுக்4சாட்டின் இன்னொரு பலம், கடப்பு நடக்கும்போதே டாப்ளர் மாற்றத்தைக் கணக்கிட்டு அலைவரிசையைத் திரையில் காட்டுவது. விண்வெளி நிலையத்தின் ரிப்பீட்டர் இறங்கும் அலைவரிசை 437.800 மெகாஹெர்ட்ஸ். நிலையம் நம்மை நோக்கி வரும்போது அது 437.810 அருகே கேட்கும். விலகிப் போகும்போது 437.790-க்கு இறங்கும். கையடக்க ரேடியோவில் இந்த வீச்சை ஐந்து படிகளாகப் பிரித்து முன்கூட்டியே மெமரியில் போட்டுவைத்தால், செயலியைப் பார்த்துக் குமிழைத் திருப்பினால் போதும். சுற்றுப்பாதைத் தரவைச் சில நாளுக்கு ஒருமுறை புதுப்பித்தால் சரி. மற்றபடி கணக்கெல்லாம் போனுக்குள்ளேயே நடக்கும், டேட்டா வேண்டாம்.

விண்வெளி நிலையத்திலிருந்து சில சமயம் 145.800 மெகாஹெர்ட்ஸில் எஸ்எஸ்டிவி படங்கள் வரும். ஒலியாக வருவதைப் படமாக்க ஆண்ட்ராய்டில் ‘ரோபாட்36’ இலவசம். ஐபோனில் ‘பிளாக் கேட் சிஸ்டம்ஸ்’ தரும் எஸ்எஸ்டிவி செயலிக்கு விலை உண்டு. கம்பி எதுவும் தேவையில்லை. ரேடியோவின் ஸ்பீக்கர் அருகே போனை வைத்தால் வரிவரியாகப் படம் இறங்கும். பிடி120 முறையில் ஒரு படத்துக்கு இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகும். அந்த நேரத்தில் மின்விசிறி இரைச்சலோ, உள்ளே வரும் அழைப்போ, பக்கத்தில் நிற்பவரின் “அய், வருது வருது!” என்ற உற்சாகமோ படத்தில் கோடாக விழும். போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள். பக்கத்தில் நிற்பவரையும் எச்சரித்துவிடுங்கள்.

பேச: எக்கோலிங்க், டிராய்ட்ஸ்டார், ஜெல்லோ

மூன்றிலும் பொத்தானை அழுத்திப் பேசலாம் என்பதால் மூன்றையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்கிறார்கள். ‘ஜெல்லோ’ இணையத்தில் ஓடும் வாக்கி-டாக்கி. யார் வேண்டுமானாலும் பேசலாம். 2017-இல் ஹார்வி புயல் ஹூஸ்டனை மூழ்கடித்தபோது தன்னார்வ மீட்புப் படகுக்காரர்கள் அதைப் பெருமளவில் பயன்படுத்தினார்கள். நல்ல கருவிதான். ஆனால் இணையம் இருந்ததால் மட்டுமே அது உதவியது. அதற்கும் ரேடியோ அலைக்கும் தொடர்பில்லை.

‘எக்கோலிங்க்’ அப்படியல்ல. 2002-இல் வந்த இதில் சேர உங்கள் அழைப்புக்குறிக்கு உரிமம் இருப்பதை நிரூபிக்க வேண்டும். உள்ளே போனால் பட்டியலில் அழைப்புக்குறியின் இறுதியில் ‘எல்’ அல்லது ‘ஆர்’ என்று பார்க்கலாம். ‘எல்’ என்றால் ஒரு ரேடியோ இணைப்பு, ‘ஆர்’ என்றால் ரிப்பீட்டர். அவற்றோடு இணைந்து பேசினால் உங்கள் குரல் அந்த ஊரில் உண்மையாகவே காற்றில் போகும். முதலில் 9999 என்ற எண்ணில் இருக்கும் எக்கோ டெஸ்ட்டை அழையுங்கள். நீங்கள் பேசியதை உங்களுக்கே திருப்பிச் சொல்லும். மொபைல் டேட்டாவில் இணைப்பு கிடைக்காவிட்டால் அமைப்பில் நேரடி இணைப்புக்குப் பதிலாக ரிலே அல்லது ப்ராக்ஸியைத் தேர்ந்தெடுங்கள்.

‘டிராய்ட்ஸ்டார்’ டிஎம்ஆர், டி-ஸ்டார் போன்ற டிஜிட்டல் வலையமைப்புகளுக்கானது. டிஎம்ஆருக்கு அழைப்புக்குறியோடு தனி அடையாள எண்ணும் பெற வேண்டும். அமைப்பு வேலையும் அதிகம். டிஜிட்டல் ரேடியோ வாங்குவதா என்று யோசிப்பவர் முதலில் இதில் கேட்டுப் பார்க்கலாம். மற்றவர்களுக்கு எக்கோலிங்க் போதும். இவை எதுவும் முதல் கேள்வியில் தேறாது. வெளியூரில் தங்கும்போது உள்ளூர் நண்பர்களோடு தொடர்பு விடாமல் இருக்க வைத்துக்கொள்ளலாம்.

‘ரிப்பீட்டர்புக்’ இவற்றுக்கு நேர் எதிர். பேச வைக்காது, எந்த ஊரில் எந்த ரிப்பீட்டர், என்ன ஆஃப்செட், என்ன டோன் என்று சொல்லும். பட்டியல் போனிலேயே இருப்பதால் மலைப்பாதையிலும் திறக்கும். தகவல் தருவது தன்னார்வலர்கள். பட்டியலில் இருப்பது இப்போதும் இயங்குகிறதா என்று உள்ளூர் கிளப்பில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இருக்குமிடம் சொல்ல

அமெரிக்கக் கடற்படை அகாடமியைச் சேர்ந்த பாப் புருனிங்கா உருவாக்கிய ஏபிஆர்எஸ் முறை, நிலையத்தின் இருப்பிடத்தையும் குறுஞ்செய்திகளையும் ரேடியோவில் பரப்புகிறது. ஆண்ட்ராய்டில் ‘ஏபிஆர்எஸ்டிராய்ட்’, ஐபோனில் ‘ஏபிஆர்எஸ்.எஃப்ஐ’. பின்னதில் வரைபடம் அழகு. யார் எங்கே இருக்கிறார்கள் என்று பார்க்க அதுவே வசதி. ஆனால் ஏபிஆர்எஸ்டிராய்டை ப்ளூடூத் வழியாகவோ ஆடியோ கேபிள் வழியாகவோ ரேடியோவுடன் இணைத்தால் இணையமே இல்லாமல் ஓடும். பேரிடர்ப் பணிக்குத் தயாராகிறவர்கள் தேர்ந்தெடுக்க வேண்டியது அதைத்தான். ஒன்றை மறக்க வேண்டாம்: இதில் அனுப்பும் இருப்பிடத்தை உலகமே பார்க்கும், சேமித்தும் வைக்கும். வீட்டு வாசலில் நின்றுகொண்டு ஆன் செய்யாமல், தெருமுனை தாண்டியபின் செய்யுங்கள்.

அலை எட்டுகிறதா என்று பார்க்க

சூரியப் புள்ளி எண்ணையும் புவிகாந்தக் குறியீட்டையும் காட்டும் செயலிகள் ஏராளம். அவை இன்று எப்படி இருக்கலாம் என்று சொல்லும், அவ்வளவுதான். ‘பிஎஸ்கே ரிப்போர்ட்டர்’ இணையதளம் யாருடைய சிக்னல் எங்கே இப்போது கேட்கிறது என்று வரைபடத்தில் காட்டும். அது ஒருபடி மேல்.

அதைவிட நம்பகமானது உங்கள் காது. உலகெங்கும் 18 இடங்களில் அமைக்கப்பட்ட என்சிடிஎக்ஸ்எஃப் அமைப்பின் பீக்கன்கள் (தானாகச் சிக்னல் அனுப்பும் நிலையங்கள்) 14.100 மெகாஹெர்ட்ஸ் உட்பட ஐந்து அலைவரிசைகளில் முறைவைத்து ஒலிக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 10 விநாடி. மூன்று நிமிடத்தில் ஒரு சுற்று. அவற்றில் ஒன்று இலங்கையின் 4எஸ்7பி. அழைப்புக்குறிக்குப் பிறகு நான்கு நீள ஒலிகள் வரும்: 100 வாட், 10 வாட், 1 வாட், 0.1 வாட். எத்தனை கேட்கிறது என்பதிலேயே பாதையின் நிலை தெரிந்துவிடும். இதற்கு நேரம் சரியாகக் காட்டும் கடிகாரச் செயலி ஒன்றே போதும்.

லாக் எழுத

‘ஹாம்2கே போலோ’ இலவசம். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் உண்டு. பூங்காவிலோ மலையிலோ நின்று இயக்குபவர்களுக்காக எழுதப்பட்டதால் டேட்டா இல்லாமலும் லாக் பதிவாகும். ‘ஹாம்ஆர்எஸ்’ திரை எளிமையானது. கணினியிலும் ஓடுவதால் வீட்டில் தொடர்ந்து பார்க்க ஏற்றது. எதை எடுத்தாலும் மூன்றாவது கேள்வியை இங்கேதான் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். லாகை ஏடிஐஎஃப் என்ற பொதுவடிவக் கோப்பாக வெளியே எடுக்க முடியவில்லை என்றால், அந்தச் செயலி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

லாகில் இரண்டு விஷயங்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நேரம் யுடிசியில் இருக்க வேண்டும்: ஜனவரி 10 அதிகாலை 4 மணிக்குப் பேசினால் பதிவாக வேண்டியது ஜனவரி 9, 22:30. அடுத்தது கிரிட், அதாவது இருக்குமிடத்தைச் சொல்லும் கட்டக் குறியீடு. ஜிபிஎஸ்-ஸுக்கு டேட்டா தேவையில்லை என்பதால் இதைச் செயலியிடமே விட்டுவிடலாம், விடுவதும் நல்லது. 80 பாகை கிழக்குத் தீர்க்கரேகை காஞ்சிபுரத்துக்கும் சென்னைக்கும் நடுவே போகிறது. காஞ்சிபுரத்தில் எம்கே92, சென்னையில் என்கே03. அந்தச் சிறு பயணத்தில் முதல் எழுத்தே மாறிவிடும்.

யாருக்கு எது?

தேர்வுக்குப் படிப்பவர்: கோக் முறை மோர்ஸ் செயலி, கேட்டுப் பழக லுக்4சாட், ரோபாட்36.

புதிதாக உரிமம் வாங்கி, கையில் ஒரு கையடக்க ரேடியோ மட்டும் வைத்திருப்பவர்: ரிப்பீட்டர்புக், லுக்4சாட், எக்கோலிங்க்.

வெளியே போய் இயக்குபவர், பேரிடர்ப் பணியில் சேர்பவர்: ஹாம்2கே போலோ, ஏபிஆர்எஸ்டிராய்ட், ரிப்பீட்டர்புக்.

எதிலும் நான்கைந்துக்கு மேல் வேண்டாம். ஏற்றி முடித்தபின் டேட்டாவையும் வைஃபையையும் அணைத்து ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். திறக்காதவற்றைப் பொழுதுபோக்குக் கணக்கில் வையுங்கள். அவசரத்துக்கு நம்ப வேண்டாம். எந்தச் செயலியும் உரிமத்துக்கு மாற்றல்ல என்பதையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: ரேடியோவில் பொத்தானை அழுத்திப் பேச அழைப்புக்குறி கட்டாயம்.