மலையிறங்கும் முன் ஒரு கால் மணி நேரம்

மாலை மங்கிப் பனிமூட்டம் இறங்கும் வேளையில் சோலூரில் பல வீடுகளில் ஒரே காட்சியைக் காணலாம். காரட்டும் முட்டைக்கோசும் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போன வண்டி இன்னும் திரும்பவில்லை. அம்மா அடுப்பையும் வாசலையும் மாறி மாறிப் பார்க்கிறார். நாம் செபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டு, அப்பாவும் அண்ணனும் பத்திரமாக வீடு சேரவேண்டும் என்று வேண்டுகிறோம். தூரத்து வளைவில் விளக்கொளி தெரிந்த பிறகுதான் நமக்கு மூச்சு வருகிறது.

வேண்டுவது நன்று. ஆனால் அன்று காலை வண்டி புறப்படும் முன், நம்மில் எவரேனும் அதன் சக்கரத்தைக் குனிந்து பார்த்தோமா? பிரேக் ஆயில் எவ்வளவு இருக்கிறதென்று கவனித்தோமா? "அது ஆண்கள் வேலை" என்று இருந்துவிடுகிறோம். அப்பாவோ விடியற்காலையில் மூட்டை ஏற்றும் அவசரத்தில் இருக்கிறார். ஆக, அந்த வேலை எவருடையதும் ஆகாமல் போய்விடுகிறது. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. வண்டிக்கும் அது பொருந்தும்.

முதலில் வழி காட்டியவர் ஒரு பெண்

வண்டியைப் பழுது பார்ப்பது பெண்களுக்கு ஆகாது என்போருக்கு வரலாறே பதில் சொல்கிறது. பெட்ரோலில் ஓடும் முதல் மோட்டார் வண்டிக்கு 1886ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றவர் ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் பென்ஸ். ஆனால் அதை நம்பி வாங்க ஆளில்லை. 1888ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ் கணவருக்கும் சொல்லாமல், தம் இரு புதல்வரையும் ஏற்றிக்கொண்டு, மன்ஹைம் நகரிலிருந்து தம் தாய் வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைம் வரை சுமார் 100 கிலோமீட்டர் தூரம் அவ்வண்டியிலேயே பயணம் செய்தார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் குத்தியிருந்த ஊசியால் அடைப்பை நீக்கினார். மின்கம்பியின் உறை தேய்ந்தபோது, காலுறையைக் கட்டும் பட்டையையே அதற்கு உறையாக்கினார். எரிபொருள் தீர்ந்தபோது மருந்துக்கடையில் வாங்கி ஊற்றினார்.

மலைவாசிகளாகிய நாம் குறிப்பாக நினைவில் கொள்ள வேண்டியவை இரண்டு. இறக்கங்களில் அவ்வண்டியின் மரத்தாலான பிரேக் கட்டைகள் தேய்ந்துபோயின. பெர்த்தா ஒரு செருப்புத் தைப்பவரிடம் சென்று, அக்கட்டைகளின்மேல் தோலை வைத்து ஆணியடிக்கச் செய்தார். இன்றைய பிரேக் லைனிங்கின் தொடக்கம் அதுவே. மேட்டில் வண்டி ஏற மறுத்ததைக் கண்டவர், ஏற்றத்திற்கென்று இன்னொரு கியர் வேண்டுமென்று கணவரிடம் கூறினார், அதுவும் சேர்க்கப்பட்டது. நாம் தினமும் நம்பியிருக்கும் இவ்விரு வசதிகளுக்குப் பின்னால் ஒரு தாயின் கூர்மையான கவனம் இருக்கிறது. பிற்காலத்தில் இங்கிலாந்தின் அரசியான எலிசபெத்தும், 1945ஆம் ஆண்டு இளவரசியாக இருந்தபோது, இராணுவத் துணைப்படையில் சேர்ந்து வண்டி ஓட்டவும் பழுது பார்க்கவும் பயிற்சி பெற்றார்.

மலைக்கு ஏன் தனிக் கவனம்?

இயற்பியல் பாடத்தில் நிலை ஆற்றல் என்று படிக்கிறோம். நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் அது கிடைக்கும் என்று மனப்பாடம் செய்கிறோம். அதை நம் வண்டிக்கே போட்டுப் பார்ப்போம்.

உதகையிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவ்வழியில் 1,000 மீட்டருக்கும் அதிகமாக இறங்குகிறோம். ஆட்களுடன் 1,000 கிலோ எடையுள்ள ஒரு சிறிய கார் 1,000 மீட்டர் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் 98 இலட்சம் ஜூல். இது ஏறக்குறைய 30 லிட்டர் தண்ணீரை நம் ஊர்க் குளிரிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம். ஓட்டுபவர் பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால், இவ்வெப்பத்தில் பெரும்பகுதி நான்கு சக்கரங்களிலுள்ள சிறு பிரேக்குகளில் இறங்க வேண்டும். மூட்டை ஏற்றிய வண்டியாயின் கணக்கு இரு மடங்காகும்.

அதனால்தான் எந்த கியரில் ஏறுகிறோமோ அந்த கியரிலேயே இறங்க வேண்டும் என்று மூத்த ஓட்டுநர்கள் சொல்கிறார்கள். அப்போது எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்; பிரேக்கிற்கு ஓய்வு கிடைக்கும். பெட்ரோலை மிச்சப்படுத்துவதாக எண்ணி எஞ்சினை நிறுத்தி நியூட்ரலில் உருட்டுவது பெரும் தவறு. எஞ்சின் நின்றால் பிரேக்கிற்கு உதவும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிகளில் தீர்ந்துவிடும். பவர் ஸ்டியரிங்கும் கனத்துவிடும். வீட்டில் எவரேனும் அவ்வாறு செய்தால், மகளோ தங்கையோ அன்பாக எடுத்துச் சொல்லலாம். வீட்டில் காத்திருப்பவர்களின் சொல்லுக்கு வலிமை உண்டு.

கருவிப் பெட்டி

பெரிய பட்டறைச் சாமான்கள் நமக்குத் தேவையில்லை. கீழ்க்கண்டவை ஒரு தகரப் பெட்டியில் இருந்தால் போதும்.

1. டபுள் எண்டு ஸ்பேனர் செட் ஒன்று, ரிங் ஸ்பேனர் செட் ஒன்று.
2. தட்டை முனையும் நட்சத்திர முனையும் கொண்ட திருப்புளிகள், ஒரு கட்டிங் பிளேயர்.
3. ஜாக்கி, வீல் ஸ்பேனர், சக்கரத்திற்கு முட்டுக்கொடுக்க இரண்டு மரக்கட்டைகள்.
4. டயர் காற்றளவு பார்க்கும் கேஜ்.
5. டார்ச் விளக்கு, மாற்று ஃபியூஸ்கள், மாற்று பல்புகள்.
6. சிவப்பு முக்கோண எச்சரிக்கைப் பலகை.
7. புனல், பழைய பருத்தித் துணி, கையுறை, ஒரு பாட்டில் டிஸ்டில்டு வாட்டர்.

எடுத்த கருவியைத் துடைத்து அதே இடத்தில் வைப்பது முதல் விதி. நட்டுக்குப் பொருந்தாத ஸ்பேனரால் திருகினால் நட்டின் முனை மழுங்கிவிடும். பிறகு சரியான ஸ்பேனர் கிடைத்தாலும் பயனில்லை.

வாரம் ஒருமுறை பார்க்க வேண்டியவை

சனிக்கிழமை காலை, வண்டி சமதளத்தில் நின்று, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இதைச் செய்யலாம். பெரியவர் ஒருவர் உடனிருப்பது நல்லது. பின்னலையும் துப்பட்டாவையும் முதலில் இறுகக் கட்டிக்கொள்ள வேண்டும். ஓடும் பெல்ட்டிலோ ஃபேனிலோ துணி சிக்கினால் ஆபத்து. சூடான எஞ்சினை நிறுத்திய பிறகும் ரேடியேட்டர் ஃபேன் தானாகவே சுழலக்கூடும் என்பதையும் மறத்தல் ஆகாது.

எஞ்சின் ஆயில்: அளவுக்குச்சியை உருவித் துணியால் துடைத்து, மீண்டும் முழுவதும் செருகி எடுத்துப் பார்க்க வேண்டும். இரு கோடுகளுக்கு நடுவே ஆயில் நிற்க வேண்டும். கீழ்க்கோட்டுக்குக் குறைந்தால் வண்டியின் கைப்புத்தகத்தில் சொல்லியுள்ள ஆயிலையே சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். மேல்கோட்டைத் தாண்டினாலும் கேடுதான். மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கக்கூடும்; மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

ரேடியேட்டர்: சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது, கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். பக்கத்திலுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் அளவைப் பார்த்தால் போதும். நம்மூரில் ஓடைத் தண்ணீரை ஊற்றும் வழக்கம் இன்னும் சிலரிடம் உண்டு. மார்கழி, தை மாதங்களில் தலைகுந்தா போன்ற இடங்களில் புல்லெல்லாம் வெண்பனி உறைவதை நாம் அறிவோம். தண்ணீர் உறையும்போது நூற்றுக்கு 9 பங்கு விரிவடைகிறது. அவ்விரிவு இரும்பையும் வெடிக்கச் செய்யும். கூலண்டு கலந்த நீர் எளிதில் உறையாது, துருவும் பிடிக்காது.

பிரேக் ஆயில்: இதுவே மலையில் முதலிடம் பெறவேண்டியது. இது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 3 என்ற வகைக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. நூற்றுக்கு 4 பங்குகூட நீர் சேராத நிலையிலேயே அது 140 டிகிரி வரை இறங்கிவிடலாம். நீண்ட இறக்கத்தில் பிரேக் காய்ந்து, ஆயில் கொதித்து, குழாயில் ஆவி நிறைந்தால், மிதி தரை வரை போகும், வண்டி நிற்காது. ஆகவே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இதை மாற்றிவிட வேண்டும். மழையும் மூட்டமும் மிகுந்த நம் மலையில் தாமதம் கூடாது. அளவு அடிக்கடி குறைந்தால் கசிவோ, பிரேக் பேடு தேய்மானமோ உண்டென்று பொருள். அவசரத்திற்கு எஞ்சின் ஆயிலை இதில் ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் உப்பிக் கெட்டுவிடும்.

பேட்டரி: முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால், சமையல் சோடா கரைத்த வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்தபின் வாசலின் தடவலாம். கழற்றும்போது கழித்தல் முனையை முதலில் கழற்றி, பூட்டும்போது அதைக் கடைசியில் பூட்ட வேண்டும். மூடி திறக்கும் வகையாயின், தகடுகள் மூழ்கும்படி டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். தீக்குச்சி வெளிச்சத்தில் எட்டிப் பார்க்கக் கூடாது. அங்கே ஹைட்ரஜன் வாயு இருக்கும்.

டயர்: காற்றளவைக் காலையில், வண்டி ஓடும் முன் பார்க்க வேண்டும். எவ்வளவு வேண்டுமென்று பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும். டயரின் பள்ளம் காருக்கு 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது சட்டம். மழையில் நனைந்த தார்ச்சாலையில் வழுக்காமல் காப்பது அந்தப் பள்ளந்தான். ஸ்டெப்னியிலும் காற்று இருக்கிறதா என்று பார்க்க மறக்க வேண்டாம். ஸ்டெப்னி என்ற சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. 1904ஆம் ஆண்டு வாக்கில் வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில்தான் மாற்றுச் சக்கரம் செய்து விற்கப்பட்டது. தெருவின் பெயரே சக்கரத்திற்கு நிலைத்துவிட்டது.

விளக்கும் வைப்பரும்: ஒருவர் உள்ளே அமர்ந்து மிதிக்க, ஒருவர் பின்னால் நின்று பிரேக் விளக்கு எரிகிறதா என்று சொல்ல வேண்டும். இதைத் தங்கை தம்பியர் மகிழ்ந்து செய்வார்கள். மூடுபனியில் நம் வண்டியைப் பின்னால் வருபவருக்குக் காட்டுவது அச்சிறு விளக்கே.

சக்கரம் மாற்றுதல்

சமமான, அகலமான இடத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும். முக்கோணப் பலகையை வளைவுக்கு முன்பாகவே, வருபவர் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி, பிறகே ஜாக்கியை ஏற்ற வேண்டும். புதுச் சக்கரத்தை மாட்டி, எதிரெதிர் நட்டுகளாக முடுக்கி, கீழிறக்கியபின் மீண்டும் இறுக முடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் கையையோ தலையையோ நுழைக்கக் கூடாது.

இன்னொன்று உண்டு. கட்டைக்குப் பதிலாகக் கல் வைத்தவர் பலர், வேலை முடிந்ததும் கல்லை நடுச்சாலையிலேயே விட்டுப் போகிறார்கள். நமக்கு உதவிய கல், இரவில் வரும் இருசக்கர வண்டிக்காரருக்கு எமனாகலாம். அதை எடுத்து ஓரமாகப் போட ஒரு நிமிடம் போதும். முகமறியாத அயலான்மேல் காட்டும் அன்பும் அன்புதான்.

நம் எல்லையை அறிதல்

பார்ப்பது, துடைப்பது, ஊற்றுவது, எழுதி வைப்பது ஆகியவை நம்மால் ஆகும். பிரேக்கைப் பிரிப்பது, ஸ்டியரிங், ஏர்பேக், மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிற உறையுள்ள கம்பிகள் ஆகியவற்றைத் தேர்ந்த மெக்கானிக்கிடமே விட வேண்டும். மிதித்தால் கிறீச்சென்ற ஓசை, ஒரு பக்கமாக இழுத்தல், கருகிய நாற்றம், நின்ற இடத்தில் ஈரம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அன்று மலையிறங்க வேண்டாம். ஒரு நாள் சரக்கு வாடினால் மறுபோகத்தில் ஈடுசெய்யலாம். வண்டியிலுள்ள உயிருக்கு ஈடில்லை.

பழைய ஆயிலை ஓடையில் கொட்டுவது பாவத்திற்கு ஒப்பாகும். நம் பக்கத்து ஓடைகள் மோயாற்றிலும், மோயாறு பவானியிலும் கலக்கின்றன. நாம் கொட்டுவதைக் கீழேயுள்ள ஊர்மக்கள் குடிக்க நேரும். டப்பாவில் அடைத்துப் பட்டறையில் ஒப்படைப்பதே முறை.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, தேதி, கிலோமீட்டர், பார்த்தது, மாற்றியது என்று நான்கு கட்டம் போட்டு வண்டியிலேயே வைப்போம். அழகிய கையெழுத்து நம்மிடம் இருக்கிறது. கணக்கெழுதும் பொறுப்பை நாமே ஏற்கலாம்.

மணவாளனை எதிர்கொள்ளக் காத்திருந்த பத்துக் கன்னியரின் உவமையை நாம் மறைக்கல்வியில் கேட்டிருக்கிறோம். பத்துப் பேரிடமும் விளக்கு இருந்தது. எண்ணெயை முன்னதாக எடுத்து வந்தவர் ஐவரே. நள்ளிரவில் கடை தேடி ஓடிய மற்ற ஐவருக்குக் கதவு அடைபட்டது. நம் வீட்டு வண்டியிலும் புனித கிறிஸ்டோபரின் படம் இருக்கலாம். ஆயுத பூசையன்று சந்தனமும் மாலையும் இட்டிருக்கலாம். அதனோடு ஆயில் குச்சியையும் உருவிப் பார்த்திருந்தால், அந்த நம்பிக்கை முழுமை பெறும்.

வரும் சனிக்கிழமை ஒரு கால் மணி நேரம் ஒதுக்குவோம். அன்று மாலை வளைவில் விளக்கொளி தெரியும்போது, நம் வேண்டுதலோடு நம் கைகளும் அப்பாவைக் காத்தன என்ற நிறைவு நமக்கு இருக்கும்.