பழங்கம்பளம் அறிதல்

பாரசீகம், துருக்கி, காக்கேசிய மலைநாடு, துருக்குமானியர் வாழும் மேய்ச்சல் நிலம் ஆகிய இடங்களில் கையால் முடிச்சிட்டு நெய்த கம்பளங்கள் உலகெங்கும் புகழ்பெற்றவை. ஒரு பழங்கம்பளம் கைம்மாறி விலைக்கு வரும்போது, ‘இஃது இன்ன ஊரினது, இத்துணை ஆண்டு பழையது’ என்னும் சொல்லும் உடன்வரும். அச்சொல்லை ஆராயாது வாங்குவோர் வெறும் பெயருக்கே விலை கொடுத்தவராவர். ஆகவே, வாய்ச்சொல்லை விடுத்துக் கம்பளத்தையே சான்றாகக் கொள்ளுதல் அறிவுடையார் செயலாகும்.

முதற்கண், கம்பளத்தைப் புரட்டிப் பின்புறத்தை நோக்குதல் வேண்டும். நெசவாளர் பாவு நூல்களில் கம்பளி இழையை ஒவ்வொன்றாக முடிச்சிட்டு, ஒரு வரிசை முடிந்ததும் ஊடை செலுத்தி அடித்து இறுக்குவர். அதனால் முன்புறத்துக் கோலம் பின்புறத்தும் தெளிவாகத் தோன்றும். முடிச்சுகள் எந்திர நெசவிற்போல ஒரே அளவினவாக இராமல் சிறிது வேறுபட்டு நிற்கும். பின்புறம் துணி ஒட்டி மறைக்கப்பட்டிருப்பின் ஐயுறுதல் தகும். கைந்நெசவில் குஞ்சம் என்பது பாவு நூலின் முனையே ஆகும். ஆயினும், தேய்ந்த குஞ்சத்தை நீக்கிப் புதியது தைப்பாரும் உளராதலின், தைத்த குஞ்சம் ஒன்றையே கண்டு போலி என முடிவு கட்டலாகாது.

அடுத்து ஆராயத்தக்கது முடிச்சின் வகை. இழை இரண்டு பாவு நூல்களையும் சுற்றி, இரு முனைகளும் அவற்றின் நடுவே வெளிவருவது துருக்கி முடிச்சு. ஒரு நூலை மட்டும் முழுதும் சுற்றி, அடுத்த நூலின் பின்னே சென்று வெளிவருவது பாரசீக முடிச்சு. பின்னதற்குச் ‘சென்னே முடிச்சு’ என்னும் பெயரும் உண்டு. ஆனால், பாரசீகத்துச் சென்னே நகரத்து நெசவாளர் இடுவதோ துருக்கி முடிச்சு! பெயரை மட்டும் நம்புவோர் மயங்குவர் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

மூன்றாவது, சாயம். அவுரியும் மஞ்சிட்டி இனத்து வேரும் பண்டைச் சாயங்களுக்கு முதலாயின. அனிலீன் வகைச் செயற்கைச் சாயம் இங்கிலாந்தில் பெர்க்கின் என்பவரால் 1856-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. முதல் நெசவிலேயே அத்தகைய சாயம் காணப்படும் கம்பளம் அவ்வாண்டிற்கு முற்பட்டதாதல் இயலாது. இழைகளை விரலால் பிரித்து, நுனியின் நிறத்தை அடியின் நிறத்தோடு ஒப்பிட்டால் வெளுப்புப் புலப்படும். ஒரே நிறத்தினுள் பட்டை பட்டையாக வேறுபாடு தோன்றுதல் குற்றமன்று; இழையைப் பல தவணைகளில் சாயமேற்றியதன் அடையாளம் அது.

சில கம்பளங்களில் ஹிஜிரி ஆண்டும் நெய்யப்பட்டிருக்கும். அவ்வாண்டு ஏறத்தாழ 354 நாள் கொண்டதாதலின், நூற்றுக்கு மூன்று கழித்தபின் 622-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு அண்ணளவாகக் கிடைக்கும். ஓரிரண்டு முடிச்சுகளை மாற்றி ஒரு நூற்றாண்டு பழமை கூட்டிக் காட்டுவாரும் உண்டாதலின், எண்ணைச் சாயத்தோடும் நெசவோடும் ஒத்துப்பார்த்தல் வேண்டும்.

இவற்றிற்கெல்லாம் எடுத்துக்காட்டாக விளங்குவது அர்தபில் கம்பளம். இலண்டன் மாநகரத்து விக்டோரியா ஆல்பர்ட் பொருட்காட்சிச்சாலைக்காக 1893-ஆம் ஆண்டில் 2,000 பவுன் கொடுத்து அது வாங்கப்பட்டது. காசான் மக்சூது என்னும் பெயரும் ஹிஜிரி 946 என்னும் ஆண்டும் அதில் நெய்யப்பட்டுள்ளன, அவ்வாண்டு கி.பி. 1539-40 ஆகும். அர்தபில் என்பது அது விரிக்கப்பட்டிருந்த அடக்கத்தலம் உள்ள நகரின் பெயர். நெய்த ஊரை அக்கல்வெட்டுப் போன்ற வரிகள் கூறவில்லை. மேலும், அதன் சிதைந்த பகுதிகள் இணைக்கம்பளம் ஒன்றிலிருந்து வெட்டி எடுத்த துண்டுகளால் செப்பனிடப்பட்டவை. கரை இழந்த அவ்விணைக்கம்பளம் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரக் கலைக்கூடத்தில் உள்ளது.

செப்பனிட்டமையால் அர்தபில் கம்பளத்தின் பெருமை குன்றவில்லை. பழுதும் பழுது நீக்கமும் பழம்பொருளுக்கு இயல்பு. அவற்றை உள்ளவாறு உரைத்தலே விற்போர்க்கு அறம். முடிச்சு, சாயம், எண், குஞ்சம் ஆகிய யாவும் ஒருங்கே உரைக்கும் சான்றைக் கேட்டு விலை கூறுதல் வாங்குவோர்க்குக் கடன். ஒவ்வொரு முடிச்சாக இட்டு, மாதக் கணக்காகத் தறிமுன் அமர்ந்திருந்த நெசவாளர்க்கு உரிய மதிப்பு அப்பொழுதே பொய்ப்பெயரால் மறையாது நிலைபெறும்.