கணினிக்குள் என்ன இருக்கிறது?



தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011இல் தொடங்கியபின், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வீடுகள் பலவற்றிலும் கணினி வந்துவிட்டது. அதைப் பற்றிப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.

1. கணக்குப் போடும் பாகம் எது?
பிராசஸர்.

2. கணினியை நிறுத்தினால் எதில் உள்ளது அழியும்?
ரேமில் உள்ளது. ரேம் வேலை செய்யும் மேசை. ஹார்ட் டிஸ்க்கும் எஸ்எஸ்டியும் பீரோ. பீரோவில் வைத்தது இருக்கும்.

3. பள்ளிப் பாடப்படி 1 ஜிபி எத்தனை எம்பி?
1024.

4. பென் டிரைவில் ஏற்றினால் போதுமா?
போதாது. தொலையலாம், பழுதாகலாம்.

கல்வி உதவிக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாளில், பென் டிரைவ் திறக்காமல், மதிப்பெண் பட்டியல் இல்லாமல் நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கிறோம். ஒரு நகல் கணினியிலும் இன்னொன்று பென் டிரைவிலும் இருக்கட்டும், அசலைப் பத்திரப்படுத்துங்கள். இன்ஷா அல்லாஹ், ஒன்று போனாலும் படிப்பு நிற்காது.